டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு வண்டி முரண்டு பிடித்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை பெல்ட் வண்டிகள்தான். அதாவது, பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைப்பது பல் வைத்த ரப்பர் பெல்ட். புரோட்டானின் சாகா, இஸ்வாரா, வீரா, வாஜா, பெரோடுவாவின் கஞ்சில் எல்லாம் அந்த வகை. 2004இல் கேம்ப்ரோ எஞ்சினோடு வந்த ஜென்-2, அதன்பின் வந்த பெர்சோனா ஆகியவற்றுக்கும் பெல்ட்தான். மைவி வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அதில் இருப்பது சங்கிலி.

தோட்டப்புற வண்டிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. வீட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து சந்தைக்கும் மட்டுமே ஓடுவதால் கிலோமீட்டர் ஏறுவதில்லை. மீட்டரில் 60,000 காட்டுகிறது, பெல்ட் நன்றாகத்தான் இருக்கும் என்று உரிமையாளர் நினைத்துக்கொள்வார். ஆனால் ரப்பர் வெப்பத்திலும் வயதிலும் இறுகி வெடிக்கும். பல பெல்ட்களுக்கு 80,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் அல்லது 5 ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதைக் கடைப்பிடியுங்கள்.

இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் பெல்ட் மாற்றிய பிறகு வரும் தொல்லைகளைப் பற்றி. நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி, பெல்ட் மாற்றிய மறுநாள் மக்கர் செய்தால், காரணம் நேற்று கை பட்ட இடத்தில்தான் இருக்கும். இதை மறந்துவிட்டுச் சென்சார் வாங்குவதும், பெட்ரோல் பம்ப்பைக் குறை சொல்வதும், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதும்தான் பணத்தைக் கரைக்கிற வழி. முதலில் குறியை, அதாவது தண்டுகளின் பல் சக்கரங்களில் சரியான நிலையைக் காட்டும் அடையாளத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

குறி பார்ப்பது எப்படி

கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் கிராங்க் குறி ஒவ்வொரு சுற்றிலும் நேராக வந்து நிற்கும். கேம் குறி இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். கிராங்க் குறியை மட்டும் பார்த்து டைமிங் சரி என்று சொன்னால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

வெளியே தெரியும் கிராங்க் புல்லியின் குறியை நம்பாதீர்கள். பல புல்லிகள் இரண்டு வளையங்களாக, நடுவில் ரப்பர் வைத்துச் செய்யப்பட்டவை. ரப்பர் வயதாகித் தளர்ந்தால் வெளி வளையம் தனியாக நழுவிவிடும். குறியும் அதோடு நகர்ந்துவிடும். நம்ப வேண்டியது உள்ளே பெல்ட் உட்காரும் பல் சக்கரத்தில் உள்ள குறியையும், எஞ்சின் உடம்பில் அதற்கு நேராக உள்ள குறியையும்தான். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். சில சக்கரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கும். எது எதற்கென்று கையேட்டைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பெல்ட் போட்டு, அதை விறைப்பாக வைக்கும் உருளையான டென்ஷனரை இறுக்கியபின், பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, கிராங்க் போல்டில் ஸ்பேனர் மாட்டி எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் ஒருபோதும் வேண்டாம். பெல்ட்டின் தொய்வு வேறு பக்கம் போய்விடும். இரண்டு சுற்று முடிந்து எல்லாக் குறிகளும் மறுபடி நேராக வந்தால் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். சுற்றும்போது எங்காவது இரும்பில் இரும்பு முட்டியதுபோல் நின்றுவிட்டால், அதற்குமேல் பலம் கொடுக்கக் கூடாது. வால்வு பிஸ்டன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பேனரின் நீளம் கொடுக்கும் பலத்துக்கு வால்வு சும்மா வளைந்துவிடும்.

கிராங்க் போல்ட் அசையவே இல்லை

பெல்ட்டைக் கழற்றும் முன்பே மூச்சு வாங்க வைக்கும் இடம் இது. 19 அல்லது 22 அளவு சாக்கெட்டைப் போட்டு, கைப்பிடியில் குழாயைச் செருகி, முழு உடம்பையும் சாய்த்தாலும் எஞ்சின் சேர்ந்து சுற்றுமே தவிர போல்ட் அசையாது. கியர் மாற்றும் வண்டியென்றால் ஐந்தாவது கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை அழுத்தமாக மிதித்துக்கொள்ளட்டும். ஆட்டோ கியரில் அது நடக்காது. ஃப்ளைவீல் பல்லைப் பிடித்து நிறுத்தும் கருவி வேண்டும், அல்லது காற்றுத் துப்பாக்கி உள்ள பட்டறைக்குப் போக வேண்டும்.

ஸ்பேனரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டி போல்ட்டைத் தளர்த்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வித்தை பிடிக்காது. ஸ்பேனர் நழுவினால் ரேடியேட்டரோ கையோ போகும். மேலும் 1990களின் ஹோண்டா சிவிக் போன்ற, எதிர்த்திசையில் சுற்றும் எஞ்சின்களில் இப்படிச் செய்தால் போல்ட் தளராது, இன்னும் இறுகும்.

போல்ட் கழன்றதும், சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டான சாவியையும் அது உட்காரும் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளத்தின் ஓரம் அகன்றிருந்தால், முன்பு யாரோ போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சக்கரம் தண்டின்மேல் ஆடும். குறி நேராக இருந்தாலும் டைமிங் தவறும். புதுச் சாவி, புதுச் சக்கரம் போடாமல் மூடக் கூடாது.

ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல எஞ்சினைச் சுழற்றும்போது ஸ்டார்ட்டர் ஓசையில் ஏற்ற இறக்கம் இருக்கும். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தும்போது ஓசை சற்றுத் திணறி, பிறகு விடும். அந்தத் திணறல் இல்லாமல் ஒரே சீராக "விர்ர்ர்" என்று ஓடினால் அழுத்தம் இல்லை. பெல்ட் அறுந்திருக்கலாம், பல் உரிந்திருக்கலாம், அல்லது பல பற்கள் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம்.

உடனே ஸ்டார்ட்டரை விட்டுவிடுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் பல எஞ்சின்களில் வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் கை ஒன்று கண்ணுக்குத் தெரியும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒருவர் ஸ்பேனரால் கிராங்க்கை மெதுவாகச் சுற்றட்டும். நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள். கிராங்க் சுற்றியும் ராக்கர் அசையாவிட்டால் பெல்ட் போய்விட்டது என்பது உறுதி.

ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட் அறுந்த கேம்ப்ரோ வண்டிகளில் வால்வு வளைந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெல்ட் இருக்கும்வரைதான் முறை வைத்து வந்துபோகும். புது பெல்ட் போடும்போது கிராங்க்கை, முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் மேல்நிலையிலிருந்து கால் சுற்றுப் பின்னுக்குத் திருப்பி, நான்கு பிஸ்டனையும் நடுவில் நிறுத்திவிட்டு, பிறகு கேமைக் குறிக்குக் கொண்டுவந்து, கடைசியாகக் கிராங்க்கைக் குறிக்குத் திருப்புங்கள். பெல்ட் இல்லாத நிலையில் மட்டும் இப்படிப் பின்னுக்குத் திருப்பலாம். பெல்ட் போட்டபின் அழுத்தமானியால் ஒவ்வொரு சிலிண்டராகச் சோதியுங்கள். ஊசி அசையாத சிலிண்டரில் வால்வு போயிற்று. சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். இந்த நிலையில், பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் பொட்டோங் கடையில் முழு ஹெட் வாங்கிப் போடுவது வால்வு வேலையைவிட மலிவாக வரலாம், ஆனால் அந்த ஹெட் வளைந்ததா என்று நேர்கோல் வைத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மிஞ்சியிருக்கும் நல்ல வால்வுகளும் போகும்.

ஸ்டார்ட்டர் சாதாரணமாகச் சுற்றுகிறது, ஆனாலும் பற்றவில்லை

அழுத்தம் இருக்கிறது, தீப்பொறியோ பெட்ரோலோ இல்லை. ஊசிமூலம் பெட்ரோல் தெளிக்கும் வண்டிகளில் கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் பெல்ட் பக்கத்திலேயே இருக்கலாம். மூடியைப் போடும்போது வயர் இடுக்கில் சிக்கி நசுங்கியிருக்கும், அல்லது இணைப்பை மாட்டவே மறந்திருப்பார்கள். ஸ்கேனர் வைத்தால் பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சாரின் பாதை, பி0340 என்றால் கேம் சென்சாரின் பாதை. குறியீடு சென்சாரின் பெயரைச் சொல்வதால் சென்சார்தான் கெட்டது என்று பொருளல்ல. வயரை முதலில் இழுத்துப் பாருங்கள். கார்புரேட்டர் சாகாவில் இந்தத் தலைவலி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் பிளக் வயர்களும் 1-3-4-2 வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

ஓடுகிறது, ஆனால் ஏற்றத்தில் இழுக்கவில்லை

பெல்ட் மாற்றியபின் வரும் புகார்களில் அதிகம் இதுதான். ஊருக்குள் ஓட்டும்போது ஏதோ சோம்பலாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். பத்துமலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டுத் திரும்பும்போது, ஈப்போவைத் தாண்டி ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் இடத்தில் உண்மை தெரிந்துவிடும். லாரிகளோடு இடது ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள்.

பல் ஒன்று தள்ளியிருக்கிறது. கிராங்க் சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் 18 டிகிரி. 24 பல் இருந்தால் 15 டிகிரி. கேம் தாமதமாக வந்தால் கீழ் வேகத்தில் இழுவை போய்விடும், நின்ற இடத்தில் எஞ்சின் நடுங்கும், ஆனால் வேகம் எடுத்தபின் ஓரளவு ஓடும். முந்தி வந்தால் கீழே பரவாயில்லை, மேல் வேகத்தில் மூச்சு அடைக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வீரா, இஸ்வாரா வண்டிகளில் இதை மூடி மறைக்க ஒரு வழி இருக்கிறது, அதுதான் ஆபத்து. டிஸ்ட்ரிபியூட்டர் கேமிலிருந்தே சுழற்சியை வாங்குகிறது. கேம் பின்தங்கினால் தீப்பொறியும் பின்தங்கும். தீப்பொறி எந்தக் கோணத்தில் வருகிறது என்று காட்டும் விளக்கான டைமிங் துப்பாக்கியை அடித்துப் பார்ப்பவர் 5 டிகிரிக்குப் பதிலாக வேறு எண்ணைக் கண்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 5க்குக் கொண்டுவந்துவிடுவார். தீப்பொறி சரியாகிவிட்டது. வால்வுகள் அதே தாமதத்தோடுதான் திறந்து மூடுகின்றன. வண்டி முன்பைவிடக் கொஞ்சம் தேறும்; உரிமையாளரும் பழகிக்கொள்வார்.

வெளியே வேறொருவரிடம் பெல்ட் மாற்றிவிட்டு வந்த வீரா ஒன்றின் உரிமையாளரான இளைஞர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, காடி ஏறவே மாட்டேன் என்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும் என்கிறார்கள்."

"திருப்புவதற்கு இடம் எங்கே இருக்கிறது தம்பி? இங்கே பார்."

டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிக்கும் போல்ட், நீண்ட துளையின் கோடியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. போல்ட்டின் தலை பல ஆண்டு உட்கார்ந்திருந்த பழைய இடம், கறுத்த அலுமினியத்தின் நடுவில் வட்டமாக, வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. பெல்ட் மாற்றும் வரை அந்த வண்டிக்கு எது சரியான நிலை என்று அந்த வட்டமே சொல்லிவிட்டது. மேல்மூடியைக் கழற்றினோம். கேம் குறி ஒரு பல் தள்ளி நின்றது. அவ்வளவுதான். உங்கள் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் துளையின் கோடியில் இருந்தால், துப்பாக்கி என்ன சொன்னாலும் மூடியைக் கழற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத, ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறியீடு படிக்கும் ஓபிடி வசதி உள்ள வண்டியில் இதே பிழைக்கு பி0016 வரும். கிராங்க்கும் கேமும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்பதே அதன் பொருள். அழுத்தமானியும் துணைக்கு வரும். சூடான நல்ல பெட்ரோல் எஞ்சினில் ஏறத்தாழ 170 முதல் 190 பிஎஸ்ஐ வர வேண்டும். நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் டைமிங்கைச் சந்தேகியுங்கள். பிஸ்டன் வளையம் தேய்ந்தாலும் நான்கும் குறையலாம். சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சோதித்தால் வளையம் தேய்ந்த எஞ்சினில் ஊசி ஏறும், டைமிங் பிழையில் ஏறாது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மட்டும் குறைந்திருந்தால் அது ஹெட் கேஸ்கெட், பெல்ட் அல்ல.

பல் ஏன் தள்ளுகிறது? பெல்ட்டை மாட்டும்போது டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டு மாட்டினால், டென்ஷனரை விட்டதும் அது தொய்வை இழுக்கும், கேம் நகரும். மாட்டும்போது குறி நேராக இருந்தது என்று சத்தியம் செய்வார்கள். உண்மைதான், அப்போது நேராகத்தான் இருந்திருக்கும். இதனால்தான் அந்த இரண்டு சுற்று.

எப்படி மாட்டினாலும் குறி சிறிதளவு, ஒரு பல்லுக்கும் குறைவாக, தாமதப் பக்கமே நின்றால் பழைய வண்டியில் பதறத் தேவையில்லை. சூடேறி வளைந்த ஹெட்டை முன்பு சீவியிருப்பார்கள். ஹெட் உயரம் குறைந்தால் இரு தண்டுகளுக்கும் இடைவெளி குறையும், கேம் சற்றுப் பின்தங்கும். ஆனால் புது பெல்ட் வாங்கியதும் பழையதோடு பல் எண்ணிக்கையை ஒப்பிட்டீர்களா என்று ஒரு முறை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம்

வேகம் கூடக்கூட மெல்லிய ஊளை கூடினால் பெல்ட் அதிக இறுக்கம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது "பட் பட்" என்று மூடியில் அடித்தால் தளர்வு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, கையேட்டின் முறைப்படி மறுபடி வைப்பது. எஞ்சின் ஆறியபிறகு செய்யுங்கள். சூட்டில் ஹெட் விரிந்து இறுக்கம் பொய் சொல்லும்.

கரகரவென்று அரைக்கும் ஓசை பேரிங்கிலிருந்து வருகிறது. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு டென்ஷனர் பேரிங்கைப் பழையதாகவே விடுவது, நம் ஊரில் இருபது முப்பது வெள்ளியை (ரிங்கிட்) மிச்சம் பிடிக்கும் பழக்கம். அந்தப் பேரிங் இறுகி நின்றால் புது பெல்ட்டையும் அறுத்துவிடும். கையில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள்: புதிய பேரிங் கிரீஸின் கனத்தோடு மெதுவாகச் சுழன்று சீக்கிரம் நின்றுவிடும்; தேய்ந்தது தடையில்லாமல் நெடுநேரம் சுழலும், அல்லது விரலுக்கு மணல் மாதிரி நெருடும்.

பெல்ட்டின் ஓரம் நார் நாராகப் பிரிந்தால், அது ஒரு பக்கமாக நகர்ந்து எதிலோ உரசுகிறது. கிராங்க் சக்கரத்தின் பக்கத்தில் உள்ள தட்டைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். அதன் விளிம்பு பெல்ட்டை விட்டு வெளிப்பக்கம் வளைந்திருக்க வேண்டும்.

வண்டி முழுவதும் அதிர்கிறது

குறியெல்லாம் சரியாக இருந்தும் அதிர்ந்தால் எஞ்சின் மவுண்ட்டைப் பாருங்கள். குறுக்காக வைத்த எஞ்சின்களில் பெல்ட்டை எடுக்க, பெல்ட் பக்கத்தில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டைக் கழற்றி, எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்திருப்போம். எஞ்சின் தன் எடையில் உட்காரும் முன்பே மவுண்ட் போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். குளிர்சாதனம் போட்டு, டி கியரில் பிரேக்கோடு நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் இதுதான். போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சினை இரண்டு மூன்று முறை அசைத்துவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

4ஜி63 எஞ்சின் கொண்ட பெர்டானா 2.0 போன்ற வண்டிகளில் வேறொரு கதை. அதில் அதிர்வைச் சமன் செய்ய இரண்டு தண்டுகள் உண்டு. எண்ணெய்ப் பம்ப் சக்கரத்தோடு சுற்றும் தண்டு, குறி நேராக இருந்தும் அரைச் சுற்றுத் தவறி நிற்கலாம். சரிபார்க்க எஞ்சின் பக்கவாட்டில் அடைப்பு போட்ட ஒரு துளை இருக்கிறது. அதைத் திறந்து 8 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்க்ரூடிரைவரை விடுங்கள். 60 மில்லிமீட்டருக்குமேல் உள்ளே போனால் சரி. 20, 25 மில்லிமீட்டரில் முட்டினால் பம்ப் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை உள்ளேயே வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டி முடிக்க வேண்டும். கையால் எஞ்சினைச் சுற்றும் முன் அதை எடுக்க வேண்டும்.

எண்ணெய் அல்லது தண்ணீர் ஒழுகுகிறது

தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் கேம் சீல், கிராங்க் சீல் இரண்டும் பெல்ட்டின் பின்னால்தான். எண்ணெய் பட்ட பெல்ட் ஊறி உப்பிப் பல் உதிர்ந்துவிடும். துடைத்துவிட்டுப் பயன்படுத்த முடியாது. கிராங்க் பக்கம் ஒழுகினால் கீழ்மூடியின் அடியில் சொட்டும், கேம் பக்கம் என்றால் மூடியின் உட்புறம் முழுதும் தெறித்திருக்கும். சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கும்போது தண்டில் கீறல் விழுந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். தண்ணீர்ப் பம்ப் அதே இடத்தில் ஒளிந்திருக்கும் எஞ்சினென்றால், அதையும் அதே நாளில் மாற்றுங்கள்; கூலி ஒரே கூலி.

பேட்டரி விளக்கு, சூடு

பேட்டரி விளக்கு எரிந்தாலோ, ஸ்டீயரிங் கனத்தாலோ வெளிப் பெல்ட்டுகளை மறுபடி மாட்டும்போது இறுக்கம் குறைத்து விட்டிருக்கிறார்கள். சூடேறினால், அதே தளர்ந்த பெல்ட்தான் தண்ணீர்ப் பம்ப்பையும் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். பம்ப் மாற்றியிருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கும். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் இருந்தால் அதைச் சூட்டில் விட்டு, குமிழி நிற்கும்வரை கூலண்ட் ஊற்றிக்கொண்டே எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி நிற்கவே இல்லையென்றால், அது பெல்ட் வேலையோடு வந்த குறை அல்ல. ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.